எங்கள் வீட்டுக் கைதி

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? இருந்தால், ஒரு நிமிஷம் எழுந்துபோய் அதைக் கட்டிவைத்திருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு மேலே படிக்கலாம்.

நான் அப்படிப் பார்க்காமல் இரண்டு வருஷம் இருந்துவிட்டேன். அந்த வெட்கத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நாய்க்கு மணி என்று பெயர். நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது கூடமெங்கும் ஓடி விளையாடியது. என் மாமியாரின் புதுப் புடவையைக் கடித்துக் கிழித்த அன்று, "இனிமேல் இது உள்ளே வரக்கூடாது" என்று உத்தரவாயிற்று. கொல்லையில் வேப்பமரத்தில் ஒரு சங்கிலி ஏறியது. மர நிழல், இரண்டு வேளை சோறு, சட்டி நிறையத் தண்ணீர். 'இதற்குமேல் ஒரு நாய்க்கு என்ன வேண்டும்?' என்றுதான் நானும் நினைத்தேன். காலையில் அரக்கப் பரக்கச் சமைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு அதற்குமேல் நினைக்க நேரம் ஏது?

சென்ற மாதம் ஆசிரியர் கூப்பிட்டு, "நாய் வளர்க்கிறவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து எழுதுங்கள்" என்றார். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்தச் சட்டம் பிறந்த கதையில் நம் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் ராஜ்ய சபையின் நியமன உறுப்பினரானார். வாயில்லா ஜீவன்களுக்காகத் தாமே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பலனாக 1960இல் வந்ததுதான் இந்தச் சட்டம். 1962இல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அவரே அதன் முதல் தலைவி.

சட்டத்தின் 11ஆம் பிரிவில், எவையெல்லாம் வதை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அடிப்பது, உதைப்பது... 'அப்பாடா, நாம் இதெல்லாம் செய்வதில்லை' என்று நிம்மதியாகப் படித்துக்கொண்டே வந்தேன். நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் வதை என்றிருந்தது. அடுத்தது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாயை, தேவையான அளவுக்கு நடக்கவும் ஓடவும் விடாமல் அதன் சொந்தக்காரர் அலட்சியம் செய்தால், அதுவும் வதைதானாம்!

மணியை நான் கடைசியாக வெளியே அழைத்துப் போனது எப்போது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

தண்டனையையும் பார்த்தேன். முதல் தடவை 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்று வருஷத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960இல் 10 ரூபாய் பெரிய தொகை. இன்று அதற்கு ஹோட்டலில் ஒரு காப்பி வராது.

குட்டைச் சங்கிலி என்றால் எத்தனை அடி? நம் சட்டம் கணக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் 2022இல் அமலுக்கு வந்த சட்டம் சொல்கிறது. வெளியே கட்டிவைக்கும் நாயின் கயிறு, மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அதன் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு இருக்க வேண்டும். அல்லது 10 அடி. இரண்டில் எது அதிகமோ அது. சங்கிலியே கூடாது. நிழலும் குடிதண்ணீரும் அவசியம்.

அன்று மாலை தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மணி இரண்டரை அடி. அப்படியானால் பன்னிரண்டரை அடி வேண்டும். எங்கள் சங்கிலி நாலே அடி! அப்போதுதான் தரையைப் பார்த்தேன். மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல்லே இல்லை. மண் தேய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. அதற்கப்பால் பசேலென்று புல்.

சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். துள்ளிக்கொண்டு ஓடும் என்று நினைத்தேன். வட்டத்தின் விளிம்புவரை வந்தது. நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தது. பிறகு திரும்பி மரத்தடிக்கே போய்ப் படுத்துக்கொண்டது.

பின்வாசலில் நின்றிருந்த மாமியார், "ஏம்மா, அதுக்குப் பழகிப் போச்சு, பாவம்" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை. புடவை அவருடையதுதான், ஆனால் சட்டம் சொல்லும் சொந்தக்காரி நான் அல்லவா?

வட்டத்துக்கு வெளியே புல்லில் நான் உட்கார்ந்துகொண்டேன். இருட்டும் நேரத்துக்கு மெல்ல வந்து என் மடியில் தலையை வைத்தது.

இப்போது காலையில் அவர், மாலையில் நான். கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை அரை மணி நேரம் நடை. இரவில் பின்வராந்தாவில் மணிக்கு ஒரு பழைய சாக்கு. அதைப் போட்டவர் என் மாமியார்.

போலீஸ் வந்து எந்தக் கொல்லையையும் அளக்கப் போவதில்லை, சகோதரிகளே. உங்கள் வீட்டுத் தையல் பெட்டியிலும் ஒரு டேப் இருக்குமே?