பதினோராம் எண் கூண்டு

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று நாளிதழ்களில் அவ்வப்போது ஒருவரிச் செய்தி வரும். ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்த வரிசை 11 வரை போகிறது. ஆனால் பத்தாம் எண்ணைவிடப் பெரிய புயலுக்கானதல்ல பதினோராம் எண். வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, வானிலை மோசமாகலாம் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். 'மையத்திலிருந்து செய்தி இல்லை' என்பதைச் சொல்வதற்கென்றே ஒரு தனி அடையாளம்! இதை வகுத்தவர் யாராக இருந்தாலும் நல்ல உரைநடைக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்த வியப்புக்குக் காரணம் நாங்கள் நண்பர்கள் மூவர் சில மாதங்களாக இராமநாதபுரத்தில் அமர்ந்து செய்துவரும் ஒரு சிறு வேலை. 'நாளை விடியலில் தொழிலுக்குப் போகலாமா?' என்று மீனவர் தமிழில் கேட்டால், செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் ஒன்று காற்று, அலை, எல்லைத் தொலைவு ஆகியவற்றைச் சொல்லும் மென்பொருள் கருவிகளைத் தானே அழைத்துப் பதில் தர வேண்டும். (முகவர் என்று எழுதலாம்தான், எல்.ஐ.சி.காரர் நினைவுக்கு வந்துவிடுகிறார்.) இன்னும் எந்த மீனவர் கையிலும் அதைக் கொடுக்கவில்லை. கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவதும், அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு ஏஜென்ட் சரியாக நடக்கிறதா என்று சோதிப்பதுமே எங்கள் பங்கு.

கருவியின் உள்ளே இருக்கும் நிரலை ஏஜென்ட் பார்ப்பதில்லை. எப்போது அழைப்பது, எதைக் கொடுப்பது, என்ன திரும்ப வரும் என்று நாங்கள் எழுதும் நாலைந்து வாக்கியங்களே அதற்கு உலகம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' போன்ற பொது ஒழுங்குகள் வந்தபின் கருவிகளை இணைப்பது எளிதாகியிருக்கிறது. விளக்குவது எளிதாகிவிடவில்லை.

எங்களுக்கு வந்த ஒரு கருவியின் குறிப்பு ஒரே வரி: 'ஊர்ப் பெயர் கொடுத்தால் கடல்நிலை தரும்.' இராமேஸ்வரம் என்று கொடுத்தால் எந்தக் கடல்? தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கையில் வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலை தலைகீழ். ஊரில் சிறுவர்க்கும் தெரிந்த இது குறிப்பில் இல்லை. அலகும் இல்லை. காற்று 45 என்று வந்தால் அது மணிக்கு 45 கிலோமீட்டரா, 45 நாட்டா? நாட் என்றால் 83 கிலோமீட்டர். வட அகலக்கோடு 9.28 என்ற எண்ணை 9 பாகை 28 கலை என்று படித்தால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வடக்கே போய்விடுவோம். 1974 உடன்பாடு கோடு கிழித்த கடலில், அத்தனை பிசகினால் படகு எந்த நாட்டு நீரில் நிற்கிறது என்பதே மாறிவிடக்கூடும்.

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. எங்களை உறங்கவிடாதது வேறொன்று. முன்னறிவிப்புத் தரவு வந்து சேராத நாளில் அந்தக் கருவி வெற்றுப் பட்டியலைத் திருப்பியது. எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளிலும் அதே வெற்றுப் பட்டியல்தான். ஏஜென்ட் இரண்டையும் ஒன்றாகவே படித்து, 'எச்சரிக்கை ஏதுமில்லை, கடல் அமைதியாக உள்ளது' என்று அழகிய தமிழில் எழுதியது. பதினோராம் எண் இல்லாத கூண்டு வரிசை அது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை இழந்த கரையில் இருந்துகொண்டு இதைச் சிறு பிழை என்று குறித்துவைக்க மனம் வரவில்லை. 'தரவு இல்லை' என்பதற்குத் தனி விடை வேண்டும், அது வந்தால் கடல்நிலை பற்றி எதுவும் சொல்லக்கூடாது என்று குறிப்பில் சேர்த்தோம். அடுத்த சுற்றில் ஏஜென்ட் 'தகவல் கிடைக்கவில்லை, மீன்வளத்துறையிடம் கேளுங்கள்' என்றது.

மதிப்பிடுவதிலும் சராசரி மதிப்பெண்ணை நாங்கள் நம்புவதில்லை. போகலாம் என்ற நாளில் போகாதே என்றால் ஒரு நாள் வருமானம் போகும். நாலுமுறை அப்படி நடந்தால் பிறகு யாரும் அதனிடம் கேட்கமாட்டார்கள். போகக்கூடாத நாளில் போ என்றால் என்னவாகும் என்று எழுத வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே 'தவறு' என்று கூட்டும் அட்டவணையால் என்ன பயன்? இன்னொரு வகைக் கேள்வியும் சேர்த்திருக்கிறோம்: மே மாதத்தில் விசைப்படகுக்காரர் கேட்கிறார், காற்றில்லை, அலையில்லை. கருவி சொல்வது முழுக்கச் சரி. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். வானிலைக் கருவியை மட்டும் அழைத்துவிட்டுப் 'போகலாம்' என்ற ஏஜென்ட் இங்கே தோற்கிறது.

சென்ற வாரம் எங்கள் குறிப்புகளைத் தங்கச்சிமடத்துப் பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினோம். 'கடல் மிதமாக இருக்கும்' என்ற இடத்தில் நிறுத்தினார். "மிதம்னா யாருக்குத் தம்பி? வத்தைக்கா, போட்டுக்கா?" என்றார். படகின் வகையைக் கேட்டுப் பெறாமல் கருவியை அழைக்கக்கூடாது என்று இப்போது எழுதியிருக்கிறோம். மிதம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு அலையுயரத்தை மீட்டரில் மட்டும் தரலாமா என்பதில் எங்கள் மூவருக்குள் இன்னும் உடன்பாடில்லை.