பானைக்குள்ள ஒரு ஓலைகூட இல்லை!



குடவோலை முறைன்னா என்ன? ரெண்டு மார்க் கேள்வி. ‘சோழர் காலத் தேர்தல் முறை, உத்திரமேரூர் கல்வெட்டு’ன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவீங்க. நானும் அப்படித்தான். பத்தாவதுல சோஷியல்ல 96 மார்க் பாஸ்! ஆனா, அந்த ரெண்டு வரிக்கு மேல எனக்கு எதுவுமே தெரியாதுன்னு புரியவெச்சது 12 வயசு அம்மு. என் சித்தி பொண்ணு.

அம்முவுக்குப் பேச்சு திக்கும். ஸ்கூல்ல வரலாற்றுப் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொல்லியிருக்காங்க. ‘பராந்தகன்’ங்கிற பேர்ல, அந்த முதல் எழுத்துலயே நின்னுட்டா. கிளாஸே சிரிச்சிருக்கு. மறுநாளும் அதே பாடம், அதே சிரிப்பு. மூணாவது நாள் அவ பையைத் தூக்கவே இல்லை.

‘சரி, ஒரு வருஷம் வீட்லயே படிக்கட்டும்’னு சித்தி முடிவு பண்ணிட்டாங்க. கணக்கும் சயின்ஸும் சித்தி, இங்கிலீஷ் சித்தப்பா. ஹிஸ்டரி புக் மட்டும் பீரோ மேல தூசி படிஞ்சு கிடந்தது. செமஸ்டர் லீவுக்கு செங்கல்பட்டு போனேனா... அது நேரா என் தலையில விழுந்துச்சு.

‘வாசிக்க மாட்டேன்’னு ஒரு பேப்பர்ல எழுதி நீட்டினா அம்மு. வாசிக்காம வரலாறு எப்படிப் படிக்கிறது? யோசிச்சுப் பார்த்தேன். நாம சிவில் இன்ஜினீயரிங் ஆச்சே... கட்டிப் பார்த்துட வேண்டியதுதான்!

முதல் புராஜெக்ட், உப்பு. மாமல்லபுரம் போய் ரெண்டு பாட்டில்ல கடல் தண்ணி பிடிச்சுட்டு வந்தோம். துணியில வடிகட்டி, எவர்சில்வர் தாம்பாளத்துல ஊத்தி மொட்டை மாடியில வெச்சாச்சு. காக்கா ஓட்டுற டூட்டி அம்முவுக்கு. ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமாரா 35 கிராம் உப்பு இருக்கும். நல்லா காய்ஞ்சதும் சுரண்டி நாக்குல வெச்சா... உவ்வே, ஒரே கசப்பு! மெக்னீஷியம் உப்புகளும் சேர்ந்துட்டதால வந்த வினை. உப்பளத்துல உப்பு படிஞ்சதும் மிச்சத் தண்ணியை வெளியேத்திடுவாங்க. நாங்க சொட்டு விடாம காய வெச்சுட்டோம்.

‘இதுக்கா ஜெயில்ல போட்டாங்க?’ன்னு எழுதிக் கேட்டா அம்மு. ஆமா, இதுக்குத்தான். 1930 ஏப்ரல் 13 அன்னிக்கு திருச்சியிலிருந்து தொண்டர்களோட நடக்க ஆரம்பிச்ச ராஜாஜி, 30-ம் தேதி வேதாரண்யத்துல உப்பு எடுத்துக் கைதானார். நடந்து வர்றவங்களுக்குச் சோறு போட்டா தண்டனைன்னு தஞ்சாவூர் கலெக்டர் மிரட்ட, ஜனங்க மரக்கிளைகள்ல சோத்துப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டாங்க. இதைச் சொன்னதும் அம்மு சிரிச்சா. அந்த லீவுல முதல் சிரிப்பு.

அடுத்தது கல்லணை. பெரிய பிளாஸ்டிக் டப்புல மணலை நிரப்பி, ஒரு பக்கமா சாய்ச்சு, ஹோஸ்ல தண்ணி விட்டோம். நடுவுல கல்லை அடுக்கினா அடியில மணல் அரிச்சு, கல் பாட்டுக்கு உள்ளே இறங்குது. ‘‘அண்ணா, மு... முங்குது!’’ன்னு கத்தினவ, அது மேலயே இன்னொரு கல்லை வெச்சா. அதுவும் முங்குச்சு. இன்னொண்ணு. கொஞ்ச நேரத்துல கல் இறங்குறது நின்னு, அசையாம உட்கார்ந்துச்சு! இடுக்குல களிமண்ணை அப்பினா, மேட்டர் ஓவர். கரிகாலன் கட்டினதா சொல்ற கல்லணையோட சூட்சுமமே இதுதான். ஆத்து மணல்ல அஸ்திவாரம் போடுற வித்தையை 19-ம் நூற்றாண்டுல ஆர்தர் காட்டன் இந்த அணையைப் பார்த்துதான் கத்துக்கிட்டார். நான் ரெண்டு தடவை எழுதி பாஸான சப்ஜெக்ட் அது. அம்முவுக்கு அரை மணி நேரம்தான் ஆச்சு!

மூணாவதுக்கு அம்முவே ஐடியா கொடுத்தா. ‘எலெக்‌ஷன்.’ உத்திரமேரூர் பக்கத்துலதானே... பஸ் ஏறிட்டோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல அந்தக் கல்வெட்டு இருக்கு. முதலாம் பராந்தகன் காலம். 919, 921-னு ரெண்டு வருஷத்துத் தீர்மானங்கள். 30 குடும்பு, அதாவது 30 வார்டு. தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லணும். அம்மு ரொம்ப நேரம் அந்தச் சுவரையே பார்த்துட்டு நின்னா.

வீட்டுக்கு வந்ததும் பழைய பனையோலை விசிறி பலி. நறுக்கி ஓலை ரெடி, தண்ணிப் பானை ரெடி. வேட்பாளர்கள்... தாத்தா, சித்தி, சித்தப்பா, ஹவுஸ் ஓனர் மாமா, பூ விக்கிற அக்கா, அப்புறம் நான். தேர்தல் அதிகாரி அம்மு. விதிகளை யார் வாசிக்கிறதுன்னு கேட்டதும், ‘நான்’னு கையைத் தூக்கினா.

‘‘முதலாம் ப... ப...’’

நின்னுடுச்சு. ‘பராந்தகன்’னு எடுத்துக் கொடுக்க நான் வாயைத் திறந்துட்டேன். இவ்வளவு நாளும் அவ வாக்கியத்தை எல்லாம் நான்தானே முடிச்சுவெச்சுட்டு இருந்தேன்! தாத்தா என் கையை அழுத்தினார். யாரும் பேசலை. ஃபேன் ஓடுற சத்தம் மட்டும்.

‘‘...பராந்தகன் காலத்து விதி!’’ன்னு முடிச்சுட்டு, மேல போனா.

வயசு 35-லிருந்து 70 வரை. நான் அவுட், 74 வயசு தாத்தா அவுட். ஏற்கெனவே பதவியில இருந்து கணக்குக் காட்டாதவங்க நிக்கக் கூடாது. தெருப் பிள்ளையார் கோயில் வசூலுக்கு இன்னும் கணக்குக் காட்டாத சித்தப்பா திருதிருன்னு முழிச்சார். அப்படிப்பட்டவங்களோட சொந்தக்காரங்களும் கூடாதாம். சித்தியும் அவுட்! ‘‘உங்களால நானும் போச்சு’’ன்னு சித்தி ஒரு பிடி பிடிச்சாங்க.

சொந்த மனையில வீடும், கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலமும் வேணும். பூக்கார அக்கா எழுந்து தள்ளி உட்கார்ந்தாங்க. கடைசியா, வேதம் தெரிஞ்சிருக்கணும். ‘‘எனக்குத் தேவாரமே தெரியாதேம்மா’’ன்னார் ஹவுஸ் ஓனர்.

அம்மு பானையைக் கவிழ்த்துக் காட்டினா. ஒரு ஓலைகூட இல்லை.

எல்லாரும் சிரிச்சோம். அம்மு சிரிக்கலை. ‘‘தினமும் நோட்டுல க... கணக்கு எழுதுறது பூக்கார அக்கா மட்டும்தானே? அவங்க ஓலை ஏன் உள்ளே இல்லை?’’

96 மார்க்கும் தலையைக் குனிஞ்சுச்சு. அது பிராமணர்களுக்குத் தானமா கொடுத்த ஊரோட சபை. எல்லாருக்குமான தேர்தல் இல்லை. வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு நாம முதல்முதலா பொதுத்தேர்தல் நடத்தினது 1951-52-லதான். அதே சமயம், கணக்குக் காட்டாதவன் நிக்கக் கூடாதுன்னு 1,100 வருஷம் முன்னாடியே கல்லுல வெட்டினதும் அதே சுவர்தான். ரெண்டையும் சேர்த்துத்தானே படிக்கணும்? நான் பெருமையை மட்டும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டேன்.

அம்மு விதியைத் திருத்தினா. நிலம், வீடு, வேதம், சொந்தக்காரங்க எல்லாம் கேன்சல். கணக்கு விதி மட்டும் அப்படியே. சித்தப்பா மறுபடி அவுட்! பக்கத்து வீட்டு வாண்டு பானையில கையை விட்டுது. ஹவுஸ் ஓனர் மாமா பேர் வந்துச்சு. ‘‘வ... வருஷக் கடைசியில கணக்கு’’ன்னு அப்பவே சொல்லிட்டா அம்மு.

ஜூன்ல ஸ்கூலுக்குப் போவாளான்னு இன்னும் முடிவாகலை. பேச்சும் இன்னும் திக்குது. ஆனா, ஹிஸ்டரி புக் பீரோ மேலிருந்து இறங்கி டேபிளுக்கு வந்துடுச்சு.

உங்க வீட்லயும் ஒரு அம்மு இருந்தா, லீவுல ஒரு பானை எடுத்துட்டு உட்காருங்க. அவங்க பேச ஆரம்பிச்சா, முடிக்கிற வரைக்கும் காத்திருங்க.

அப்புறம்... நம்ம சிம்போசியம் கமிட்டி மக்களே, போன வருஷக் கணக்கை எப்போ காட்டப்போறீங்க?