பதினைந்து மணி நேரம் காத்திருந்த மைனா!

மூணு மணி நேர செமஸ்டர் எக்ஸாம்ல ஒண்ணரை மணி நேரத்துலயே பேப்பரை நீட்டிட்டு வெளியே ஓடுற ஆளா நீங்க? கை கொடுங்க, நானும் அந்த கோஷ்டிதான்! அரியர்ஸுக்குப் படிக்கிற சாக்கில் லைப்ரரியில் ஒதுங்கியபோதுதான் ஹெச்.எம்.எஸ். ஸ்டார்லிங் எனக்கு அறிமுகமானது.

1943-ல் சேவைக்கு வந்த பிரிட்டிஷ் காவல் கப்பல். ஸ்டார்லிங் என்றால் நம்ம மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவை. கூடப் போன கப்பல்களின் பெயர்களும் மரங்கொத்தி, பருந்து, காட்டு வாத்து என்று ஒரே பறவைக் கூட்டம்தான்! வேலை? அட்லான்டிக்கில் சரக்குக் கப்பல்களைக் குறிவைத்த ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடித்து அழிப்பது.

கேப்டன், ஃபிரெடரிக் ஜான் வாக்கர். நீர்மூழ்கி எதிர்ப்புப் பிரிவை யாரும் சீண்டாத 1920-களில் அதை விரும்பி எடுத்தவர். பலன்? போருக்கு முன்பு புரமோஷனில் ஓரங்கட்டப்பட்டார்.

தண்ணிக்குள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் கருவிதான் இவங்களுக்குக் கண். சிக்கல் என்னன்னா, ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கிக்கு நேர் மேலே நெருங்கியதும் எதிரொலி காணாமல் போய்விடும். கப்பல் வேகமாக வரும் சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பவர்கள் நைஸா நழுவிடுவாங்க. வாக்கர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கப்பல் தள்ளி நின்று 'பிங்... பிங்...' அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்னொன்று தன் கருவியை அணைத்துவிட்டு, பூனை மாதிரி ஊர்ந்து போய், அவர் சொல்லும் நொடியில் வெடிகளைக் கொட்டும். செம மூளை!

1943 ஜூனில் யூ-202 என்ற நீர்மூழ்கி இதுக்கெல்லாம் மசியவில்லை. சரி, உள்ளே காற்றும் பேட்டரியும் தீர்ந்தால் மேலே வந்துதானே ஆகணும்? நள்ளிரவில் வரும் என்று கணித்துக் காத்திருந்தார் வாக்கர். பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடங்களில் வந்தது. மொத்தம் சுமார் 15 மணி நேர வேட்டை!

அடுத்த பக்கம்தான் என்னை உலுக்கிடுச்சு. அதே ஆகஸ்டில், மத்தியதரைக் கடலுக்குப் போன பார்த்தியன் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி திரும்பி வரவில்லை. அதில் இருந்தவர்களில் ஒருவர் திமோத்தி, வாக்கரின் மகன். அந்த 'பிங்' சத்தம் அதுக்கப்புறம் அந்த அப்பா காதில் எப்படிக் கேட்டிருக்கும்? புத்தகத்தை மூடிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவர் மறுபடியும் கடலுக்குத்தான் போனார். 1944 ஜனவரி கடைசியில் தொடங்கிய ஒரே ரோந்தில் அவர் குழு ஆறு நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது. அந்த ஜூலை 9-ம் தேதி, ஓய்வே இல்லாமல் உழைத்த உடம்பு, மூளையில் ரத்தம் உறைந்து அடங்கிப்போனது. வயது 48.

லிவர்பூலிலிருந்து அவர் உடலைக் கடலில் அடக்கம் செய்யக் கொண்டுபோனது ஹெஸ்பெரஸ் என்ற வேறொரு கப்பல். ஸ்டார்லிங்? அது ஏற்கெனவே ரோந்துக்குக் கிளம்பிப் போயிருந்தது.