அழைப்பும் வீதியும்

யூபிலி மலரொன்றிலே கல்லூரியின் பழம்பெருமையை எடுத்துரைத்தல் மரபு. அப்பணியை நன்கு ஆற்றவல்ல அன்பர் பலர் இம்மலரில் உளர். நாமோ மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் நாள்தோறுஞ் செல்லும் வீதியைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். கற்ற கல்வி பயன்படுவதற்குக் கற்றவன் உயிரோடு வீடு சேர்தல் வேண்டுமாதலின், இப்பொருள் இம்மலருக்குப் புறம்பானதன்று.

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் பெருவீதி பூவரசங்குளத்தின் ஊடாகச் செல்கிறது. காலையில் அவ்வீதியோரமாக வெண்சீருடை அணிந்த பிள்ளைகள் துவிச்சக்கர வண்டிகளிற் செல்வர். அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயும். மாலையில் மேய்ச்சல் முடிந்த மாடுகள் குறுக்கே நடக்கும். இரவில் அவை சூடாறாத தார் வீதியிலேயே படுத்திருக்கும். பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டியும் எதிர்பாராத இடத்தில் நிற்கும். ஓகஸ்ட் மாதத்தில் மடுத் திருவிழாவுக்குச் செல்வோர் நடையாகவும் வருவர். இத்தகைய வீதிக்குக் கண்ணும் கருத்தும் முழுமையாக வேண்டும்.

முன்னாளிற் குண்டுங் குழியுமே வண்டிகளின் வேகத்தை அடக்கின. போரின் பின்னர் வீதிகள் செப்பமுற்றன, வேகமும் பெருகிற்று. இலங்கையில் 1989ஆம் ஆண்டிலேயே தொடங்கிய செல்லிடத் தொலைபேசிச் சேவை, வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதிக்கு 2009ஆம் ஆண்டின் பின்னரே வந்து சேர்ந்தது. நல்ல வீதியும் கைத்தொலைபேசியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எம்மை வந்தடைந்தன; இரண்டையும் ஒருங்கே ஆளும் பழக்கம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

கணிதம் கற்ற மாணவர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் கடக்கும். அழைப்பவர் யாரென அறிய மூன்று விநாடி குனிந்தால், 50 மீற்றர் தூரத்தைக் கண்மூடிக் கடந்தவராவோம். அத்தூரத்துக்குள் ஒரு கன்றோ ஒரு குழந்தையோ குறுக்கே வருதல் அரிதன்று.

‘கையிற் பிடித்தாலன்றோ குற்றம்? காதிற் கருவி மாட்டிப் பேசினால் யாது கேடு?’ என்பார் உளர். கனடாவின் ரொறன்ரோ நகரில் விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ரெடெல்மையர், டிப்சிரானி என்னும் ஆய்வாளர் இருவர் ஆராய்ந்து, 1997இல் தம் முடிபை வெளியிட்டனர். தொலைபேசியிற் பேசும் வேளையில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது. கையிற் பிடியாது பேசும் கருவியாற் பாதுகாப்பு மிகுந்ததாகக் காணப்படவில்லை என்பதே அம்முடிபு. காரணம் வெளிப்படை. கை வேலையின்றி இருப்பினும் மனம் அழைத்தவரிடத்தே சென்றுவிடுகிறது. அருகிலிருந்து பேசுபவர் வீதியைத் தாமும் காண்பதால், இடர் வருமிடத்து வாய் மூடுவார். தொலைவிலிருப்பவருக்கு அது தெரியாது.

வண்டி ஓட்டும்போது தொலைபேசியைக் கையிற் பிடித்துப் பேசுவதை இலங்கைச் சட்டமும் குற்றமெனவே கொள்கின்றது. அறிந்திருந்தும் எம்மவர் அழைப்பை எடுப்பது ஏன்? ஆணவம் மட்டுமே காரணமென்று கூறுதல் அறமன்று. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. 2009இல் எண்ணற்ற குடும்பங்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தன. அந்நாள்களில் உறவினரின் குரலொன்றைக் கேட்பதற்கு ஏங்காத வீடு வன்னியில் இல்லை. மௌனத்தை மரணமென்று அஞ்சிய மக்கள் நாம். ஆகவே மணி ஒலித்தால் எடாதிருக்க எம்மால் முடிவதில்லை. ரொறன்ரோவிற் கோடைக்காலக் காலை 8 மணியாகும்போது இங்கு மாலை 5.30 மணி. வேலைக்குப் புறப்படுமுன் அங்குள்ள மகன் அன்போடு அழைக்கின்றான். இங்கே தந்தை மங்கும் வெளிச்சத்தில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகின்றார். அந்த அன்பே ஆபத்தாகிவிடலாம்.

எனவே கடமை சாரதிக்கு மட்டும் உரியதன்று, அழைப்பவர்க்கும் உரியது. புறப்படுமுன் தொலைபேசியின் ஒலியை அடக்கிவிடுக. பேசியே ஆகவேண்டுமாயின் வீதியை விட்டு விலகி, வண்டியை நிறுத்திப் பேசுக. அழைப்பவர், ‘சுகமா?’ என்று கேட்குமுன், ‘வண்டியோ ஓடுகிறீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ஆமெனில், ‘வீடு சேர்ந்தபின் கதைப்போம்’ என்று உடனே முடித்துவிட வேண்டும். எடுக்கப்படாத அழைப்பு இனித் துயரச் செய்தியன்று, அவர் கவனமாக வந்துகொண்டிருக்கிறார் என்பதன் அடையாளமே என வீட்டார் யாவரும் தமக்குள் உடன்பட்டுக்கொள்ளல் நன்று.

இதனைக் கடல்கடந்து வாழும் பழைய மாணவர் இன்றே தம் வீட்டாரோடு பேசித் தீர்மானிப்பாராக. அரைமணி நேரப் பொறுமை அன்புக்குக் குறைவன்று. போர்க்காலத்தில் எத்துணை இடரிடையே காத்துக்கொண்ட உயிர்களை, அமைதிக்காலத்து வீதியிலே ஒரு மணியோசைக்காக இழத்தல் ஆகாது.