நூல் காட்டிய வழி

விஞ்ஞானம் உலகைச் சுருக்கிவிட்டது என்று மேடைதோறும் பேசக் கேட்கிறோம். அப்படியானால் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, விமானத்தின் வேகத்தால் வகுத்துவிட்டால் பயண நேரம் கிடைத்துவிட வேண்டும் அல்லவா? நாங்களும் வகுத்துப் பார்த்தோம். கணக்கு சரியாகவே வந்தது. ஆனால் உலகம் அந்தக் கணக்கின்படி நடக்கவில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டவை பின்லாந்தின் ஹெல்சிங்கியும் ஜப்பானின் டோக்கியோவும். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அளவுகோலை வைத்தால், கோடு கஜகஸ்தான், மங்கோலியா, சீனா வழியாகச் செல்கிறது. ஆனால் பூமி தட்டை அல்லவே! பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தோம். நூல் மெல்ல வடக்கே நழுவி, ரஷ்யாவின் சைபீரியா மேல் போய் நின்றது. அதுவே மிகக் குறுகிய வழி. ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டு, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் சுமார் ஒன்பதரை மணி நேரம் ஆகும். 2022-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பின்லாந்து விமானங்களுக்கு ஏறத்தாழ அவ்வளவு நேரமே ஆயிற்று.

அவ்வாண்டு பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானை மூடின. ரஷ்யாவும் பதிலுக்குத் தன் வானை மூடியது. நூல் காட்டிய வழி அடைபட்டது. மார்ச் மாதத்தில் பின்லாந்து விமானம் நேர் வடக்கே சென்று, வட துருவத்தைக் கடந்து, அலாஸ்காப் பக்கமாகத் திரும்பி டோக்கியோ சேர்ந்தது. ஏறத்தாழ 13 மணி நேரம் பிடித்தது! துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு நற்சான்றிதழும் வழங்கினார்கள்.

இது புதிய வழியும் அன்று. சோவியத் வானம் மேலைநாட்டினருக்கு எளிதில் திறவாத காலத்தில், 1957-இல் ஸ்காண்டிநேவிய விமானம் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டு, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி, டோக்கியோ சென்றது. 1983-இல் பின்லாந்து விமானம் எங்கும் இறங்காமல் துருவத்தின் மேல் பறந்து ஜப்பானை அடைந்தது. அப்போதும் ஏறத்தாழ 13 மணி நேரம்தான். விமானம் நாற்பது ஆண்டுகளில் எவ்வளவோ முன்னேறியது; பயணமோ மீண்டும் 13 மணிக்கே திரும்பிவிட்டது.

பயணிகள் இழந்தது மூன்று, நான்கு மணி நேரம். அதை ஒரு தூக்கத்தில் கழித்துவிடலாம். அதே போரில் வீட்டையும் உற்றாரையும் இழந்தவர்களுக்கு எந்தக் கணக்கில் ஈடு செய்வது? சுற்றிச் செல்லும் விமானம் அவர்களை நமக்கு நினைவூட்ட வேண்டும்.

தோழியரே! ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் இருவர் பேசாமலிருந்தால், பென்சில் கேட்பதற்குக்கூட மூன்றாமவள் தூது போக வேண்டும். ஒரு முழத் தூரம் அன்று எத்தனை நீளமாகிவிடுகிறது! நாடுகளின் கதையும் இதுவே. தூரத்தைப் பூமி வகுத்தது. சுற்று வழியை வகுத்தவர்கள் மனிதர்கள். அவர்கள் மூடிய வழியை அவர்களாலேயே திறக்கவும் முடியும். நாடுகளின் வானைத் திறக்கும் வலிமை இன்று நமக்கு இல்லை. நம் பெஞ்சின் வழியையாவது திறந்து வைப்போம்!