எருக்கம்புதரில் மோனார்க்கின் பங்காளி

பெசன்ட் நகரில் காலை நடைக்கு வந்தவர்கள் வீடு திரும்பும் நேரம்தான் பட்டாம்பூச்சி பார்க்கத் தோதான நேரம். வெயில் ஏறிச் சிறகு சூடானால்தான் அவை பறக்கத் தொடங்கும். கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலை, எட்டரை மணிக்கு மேல், ஊரூர் குப்பத்தைத் தாண்டி உடைந்த பாலத்துக்குப் போகும் மணல் பாதையில் நடந்தேன். அடையாறு கடலில் கலக்கும் இடம். பாதையோரம் எருக்கம்புதர்கள், சாம்பல் பூத்த தடித்த இலைகளும் ஊதாப் பூக்கொத்துகளுமாக ஆள் உயரம் நின்றன.

ஒரு புதரின் முன்னால் கல்லூரி மாணவி ஒருவர் போனை நீட்டியபடி ஆடாமல் அசையாமல் நின்றிருந்தார். பூவின் மேல் ஆரஞ்சு நிறச் சிறகை விரித்து ஒரு பட்டாம்பூச்சி.

“அக்கா, இது மோனார்க்தானே? போன்ல தேடினா அப்படித்தான் வருது.”

“மோனார்க் நம்ம ஊர்ல கிடையாதும்மா. இது அதோட பங்காளி. வெந்தய வரியன்.”

பங்காளி என்றது சும்மா அல்ல. மோனார்க்கும் வெந்தய வரியனும் ‘டானஸ்’ என்ற ஒரே பேரினம். 1758இல் லின்னேயஸ் ஒரே நூலில் இரண்டுக்கும் பெயர் சூட்டினார். மோனார்க்கின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 19ஆம் நூற்றாண்டில் அது ஆஸ்திரேலியா வரை பரவிவிட்டது, ஆனால் இந்தியாவில் குடியேறவில்லை.

இரண்டையும் பிரித்தறிய முதலில் நரம்பைப் பார்க்க வேண்டும். மோனார்க்கின் சிறகில் ஒவ்வொரு நரம்பும் மை தீட்டியதுபோல் கறுத்திருக்கும். எங்கள் முன்னால் இருந்ததற்கு அப்படிக் கோடுகளே இல்லை. சிறகு முழுவதும் ஒரே வெந்தயச் சிவப்பு. முன்சிறகின் நுனி மட்டும் கறுப்பு, அதன் குறுக்கே வெள்ளைப் பட்டை. அது சிறகை மூடியதும் பின்சிறகின் நடுவே உள்ள கரும்புள்ளிகளை எண்ணச் சொன்னேன். “நாலு” என்றார். அப்படியானால் ஆண். பெண்ணுக்கு மூன்றுதான், ஆணிடம் கூடுதலாக உள்ள பெரிய புள்ளி வாசனைப் பை.

அதற்குள் அதே நிறத்தில் இன்னொன்று, தரையோடு தரையாகப் பறந்து வந்து பருப்புக்கீரை படர்ந்த மண்ணில் உட்கார்ந்தது. அச்சு அசல் வெந்தய வரியன்தான் என்று மாணவி நினைத்தார். ஆனால் சிறகின் விளிம்பு ரம்பப்பல் போல வெட்டுப்பட்டிருந்தது, பின்சிறகின் நடுவில் புள்ளிக்கூட்டமும் இல்லை. அது சொக்கன் இனத்தின் பெண். அதன் ஆண் கன்னங்கறுப்பாக, நீலம் பூத்த வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். பெண் மட்டும் வெந்தய வரியன் வேடம் போட்டுத் திரிகிறது. முட்டையிட வந்தது அந்தக் கீரையில்தான்.

வேடம் எதற்கு என்பதற்கு விடை எருக்கிலையின் அடியில் இருந்தது. இலையொன்றைத் திருப்பினேன். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வளையம் வளையமாக ஒரு புழு. முதுகில் மூன்று ஜோடிக் கருங்கொம்புகள். மோனார்க் புழுவுக்கு இரண்டு ஜோடிதான், ஆகவே புழுவை வைத்தும் இனத்தைச் சொல்லிவிடலாம். இந்தப் புழு இலை நரம்பை முதலில் கடித்துப் பாலை வடியவிட்டிருந்தது. பால் ஓடி வராத பகுதியில் உட்கார்ந்துதான் தின்றுகொண்டிருந்தது. கையால் நசுக்கினால் நமக்குக் கண்ணெரிச்சல் தரும் அந்தச் செடியை இத்தனை கவனமாகச் சாப்பிடத் தெரிந்த உயிரை நெடுநேரம் பார்த்தபடி இருந்தோம்.

எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. புழு அதை உடம்பில் சேர்த்துவைத்துப் பட்டாம்பூச்சியாகும்போதும் கூடவே எடுத்துச் செல்கிறது. மோனார்க்கும் இதே வழிதான். 1960களில் அமெரிக்காவில் லிங்கன் பிரவர் என்ற ஆய்வாளர் நீல ஜே என்ற பறவைக்கு மோனார்க்கைத் தின்னக் கொடுத்தார். அது வாந்தி எடுத்தது. பிறகு மோனார்க்கைக் கண்டாலே ஒதுங்கியது. வெந்தய வரியன் அவசரமே இல்லாமல் நிதானமாகப் பறப்பதும், நஞ்சே இல்லாத சொக்கன் அதன் உடையை இரவல் வாங்குவதும் இதனால்தான்.

அங்கிருந்து கோட்டூர்புரம். குப்பைமேடாகக் கிடந்த ஆற்றோரத்தை ‘நிழல்’ அமைப்பு மரப்பூங்காவாக மாற்றிய இடம். இங்கே நிழல் அதிகம், கொடிகளும் உண்டு. கண்ணை உண்மையிலேயே ஏமாற்றக்கூடியது இங்கே கிடைத்தது: ஸ்ட்ரைப்டு டைகர். ஆரஞ்சு நிறம், நரம்பெல்லாம் கறுப்பு, விளிம்பில் இரண்டு வரிசை வெள்ளைப் புள்ளிகள். மோனார்க்கைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள் சத்தியம் செய்துவிடுவார்கள். முன்சிறகின் கறுப்பு நுனியைப் பாருங்கள். சாய்வாக ஓடும் தடித்த வெள்ளைப் பட்டை இருந்தால் நம்முடையது. மோனார்க்குக்கு அந்த இடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள்தான். அளவிலும் மோனார்க் சற்றுப் பெரிது. ஸ்ட்ரைப்டு டைகரின் புழு தேடுவது நஞ்சறுப்பான் போன்ற கொடிகளை. எருக்கஞ்செடியின் உறவுதான் அதுவும்.

பாதையோரம் காய்ந்துபோன கிலுகிலுப்பைச் செடியில் நான்கைந்து நீல வரியன்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பூவில்லாத சருகில் என்ன வேலை என்று தோன்றும். பெண்ணைக் கவரும் வாசனையை உண்டாக்கத் தேவையான வேதிப்பொருள் அந்தச் சருகில் இருக்கிறது. ஆண்கள் அதைச் சுரண்டி உறிஞ்சும். தேள்கொடுக்குச் செடியிலும் இதே கூட்டம் கூடும்.

மோனார்க்கின் பெருமை அதன் பயணம். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கிளம்பி மெக்சிகோவின் மிச்சோவாகான் மலைக்காடுகளுக்குப் போய்க் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அந்த இடம் அறிவியல் உலகுக்குத் தெரிந்ததே 1975இல்தான். ஆனால் வலசை நமக்கும் புதிதல்ல. நீல வரியனும் கருநீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குச் சமவெளிக்கு இறங்கும். அக்டோபர், நவம்பரை ஒட்டி மேற்கே திரும்பும். பட்டாம்பூச்சி ஆய்வாளர் கிருஷ்ணமேக் குந்தே இதை 2005இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். மெக்சிகோ வலசையைத் தெரிந்த அளவுக்கு நம் பிள்ளைகளுக்கு இது தெரியாதது எனக்கு வருத்தம்.

திரும்பும் வழியில் மயிலாப்பூர். விநாயகர் சதுர்த்தியன்று மாடவீதி முழுக்க எருக்கம்பூ மாலை தொங்கும். மறுநாளே எருக்கு மறுபடி வெறும் களை. தி. நகரில் காலி மனையே அரிது. எங்கோ ஒன்று இருந்தாலும், சுத்தம் செய்கிறோம் என்று முதலில் வெட்டுவது எருக்கைத்தான். வெட்டியதோடு முட்டை, புழு, பச்சை மணிபோலத் தொங்கும் கூட்டுப்புழு எல்லாம் போய்விடுகின்றன. மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் நர்சரியில் கிடைக்கும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அஸ்கிளெப்பியாஸ் செடியை வளர்க்கலாம். மோனார்க் உண்ணும் அமெரிக்கச் செடி அது, வெந்தய வரியனும் அதில் முட்டையிடும். ஆனால் எருக்கு விலையில்லாமல், தண்ணீர் கேட்காமல் தானே வளர்வது.

உங்கள் தெருமுனையில் ஒரு எருக்கு இருந்தால் இந்த வாரம் அதன் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது, குழந்தைகள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மனையைச் சுத்தம் செய்ய ஆள் வந்தால் அந்த ஒரு செடியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.