எங்கள் வீட்டு ஐ.பி.எஸ்.!

"உங்க மகளுக்கு வந்திருக்கிறது ஐ.பி.எஸ்." என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டருக்குப் படிக்கிற பெண்ணுக்கு எதற்குப் போலீஸ் பதவி என்று விழித்தேன். பக்கத்திலிருந்த என் மகள் சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

எங்களுக்கு ஊர் வடமதுரை. என் கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எங்கள் இருவர் குடும்பத்திலும் முதன்முதலாக டாக்டர் படிப்புக்குப் போனவள் மூத்த மகள்தான். திண்டுக்கல்லிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தும், இவளுக்கு இடம் கிடைத்ததென்னவோ வெளி மாவட்டத்தில். ஹாஸ்டல் வாசம்.

முதல் வருஷம் பாதி முடிவதற்குள் ஆரம்பித்துவிட்டது. "காலையில எந்திரிச்சதுமே வயித்தப் பிசையுதும்மா. நாலு தடவை போயிட்டு வந்தாத்தான் கிளாசுக்குப் போக முடியுது" என்பாள். அடுத்த வாரமே, "மூணு நாளாப் போகவே இல்லம்மா, வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்பாள். மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே தீர்மானித்து, பூண்டு ஊறுகாயும் கோதுமை லட்டும் பார்சல் அனுப்பினேன். லீவுக்கு வந்தால் என் மாமியார் விளக்கெண்ணெயோடு காத்திருப்பார். தினமும் காலை ஏழு மணிக்கு நான் போன் செய்வேன். என் முதல் கேள்வி, "டெஸ்டுல எத்தனை மார்க்?"

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். "எக்ஸாமினர் கேள்வி கேட்கிறப்ப வயித்தைக் கலக்கினா நான் என்னம்மா செய்வேன்? பஸ்ஸுல வர பயந்து நேத்து ராத்திரியிலிருந்து சாப்பிடல. இனிமே நான் அங்க போகமாட்டேன்" என்று அழுதாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சகோதரிகளே, நான் அவளை நம்பவில்லை. "படிக்கச் சோம்பல், அதுக்கு வயித்துவலி சாக்கா?" என்று கத்தினேன். "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு, வெளியே சொல்லாதே" என்றும் சொன்னேன். என் கணவர்தான், "முதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்று அழைத்துப் போனார்.

டாக்டரம்மா நிறையக் கேட்டார். மலத்தில் ரத்தம் வருகிறதா, எடை குறைந்ததா, காய்ச்சல் உண்டா, ராத்திரி தூக்கத்தைக் கலைத்து எழுப்புகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு வியாதி இருக்கிறதா என்று அவசியம் தேடிப் பார்க்க வேண்டுமாம். இவளுக்கு எதுவும் இல்லை. ரத்தம், மலம் பரிசோதித்ததிலும் கோளாறில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேலாகத் தொந்தரவு. கடைசி மூன்று மாதமாக வாரம் ஒரு நாளாவது வலி. வலி வரும்போது மலம் போகும் தடவையும் பதமும் மாறுகிறது. "இதுதான் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். சுருக்கமாக ஐ.பி.எஸ்." என்றார்.

"அப்போ எல்லாம் மனசுதானா?" என்று கேட்டேன்.

"இல்லைம்மா. வலி நிஜம். குடலுக்கென்றே தனி நரம்புப் பின்னல் இருக்கிறது. அதுவும் மூளையும் ஓயாமல் பேசிக்கொள்ளும். சிலருக்கு அந்தக் குடல் சட்டென்று சிலிர்த்துக்கொள்ளும். கவலையும் தூக்கக் குறைவும் அதைத் தூண்டிவிடும். இது புற்றுநோயாக மாறாது, பயப்படாதீங்க" என்றார்.

மருத்துவ மாணவர்களிடம் இது அதிகம் என்பதையும் அவர்தான் சொன்னார். மலேசியாவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்கு இருந்ததாம். சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் மருத்துவ மாணவர்களையும் பயிற்சி டாக்டர்களையும் பார்த்து 2013-ல் வெளியிட்ட ஆய்விலோ சுமார் 32 பேர்! "நான் மட்டும் இல்லையாம்மா" என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வைத்தியம். என்ன சாப்பிட்டாள், எப்போது வலித்தது என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பயறு வகைகள் சிலருக்கு வாயுவை உண்டாக்குமாம். அதாவது, நான் அனுப்பிய பார்சல் அத்தனையும்! அவற்றைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் எல்லாவற்றையும் ஒரேயடியாக விலக்கினால் உடம்புதான் இளைக்கும். காபி, டீ, காரம், பொரித்த பண்டங்களைக் குறைத்து, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தண்ணீரில் கலந்து குடிக்க இசப்கோல் கொடுத்தார். தினம் நடை, போதுமான தூக்கம், கல்லூரியிலேயே மனநல ஆலோசகரிடம் பேச்சு.

கிளம்பும்போது என்னைப் பார்த்து, "காலையில போன் பண்ணி மார்க் கேட்கிறதை நிறுத்துங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எப்படித் தெரிந்ததோ! மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பரீட்சை போயிற்று. பிறகு துணைத் தேர்வில் எழுதித் தேறினாள். அடியோடு குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன தேர்விலும் நடுவில் வயிறு கலக்கியதாம். கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டு வந்து, மீதியை எழுதினாளாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகை இல்லை.

இப்போது ராத்திரியில்தான் போன் செய்கிறேன். "சாப்பிட்டியா? நல்லாத் தூங்கினியா?" என்று கேட்கிறேன். மார்க்கை அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் பரீட்சை நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், சாக்கு என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் நம்புங்கள். அப்புறம் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.